பீம் தொய்வை மென்பொருளில் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ், அன்சிஸ், ஃப்ரீகேட் என்று எந்தக் கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் வேலை செய்தாலும், பீமை வரைந்து சுமை ஏற்றி "எவ்வளவு தொய்யும்?" என்று பார்க்கும்போது வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றில் பெரும்பாலானவை மென்பொருளைப் பற்றியவையே அல்ல. சப்போர்ட் (பீமைத் தாங்கும் இடம்), இ மதிப்பு (பொருளின் விறைப்பு), ஐ மதிப்பு (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) ஆகிய மூன்றைப் பற்றியவை. பதில்களை ஒப்பிட வசதியாக, இரும்பு பீம் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரே பீமை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பழகுவதற்கு எந்த பீமை எடுத்துக்கொள்ளலாம்?

ஐ.எஸ்.எம்.பி. 300, அதாவது 300 மி.மீ. ஆழமுள்ள இந்தியத் தர ஐ வடிவ இரும்பு பீம். நீளம் 6 மீட்டர். இரு முனையும் சும்மா உட்கார்ந்திருக்கும் சிம்ப்ளி சப்போர்ட்டட் நிலை. நீளம் முழுக்க மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை. தன் எடையை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்.பி. 6 கையேட்டின்படி ஐ மதிப்பு 8,603.6 செ.மீ⁴. இ மதிப்பு 2,00,000 மெகாபாஸ்கல்.

நடுத்தொய்வுக்கான வாய்பாடு: 5 × சுமை × நீளம்⁴ ÷ (384 × இ × ஐ). எல்லாவற்றையும் நியூட்டன், மில்லிமீட்டரில் போட்டால் 19.61 மி.மீ. வரும். கூடவே இன்னும் மூன்று எண்களைக் குறித்துவையுங்கள்: ஒவ்வொரு சப்போர்ட்டிலும் எதிர்விசை 60 கிலோநியூட்டன், நடுவில் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புவிசை) 90 கிலோநியூட்டன் மீட்டர், முனையில் திருப்பம் 0.01046 ரேடியன்.

எந்த மென்பொருளைப் புதிதாகத் திறந்தாலும் முதல் வேலை இந்த நான்கு எண்களையும் அதிலிருந்து வரவழைப்பது. தொய்வு மட்டும் பொருந்தினால் போதாது. எதிர்விசை சரியாக வந்து தொய்வு தவறினால் கோளாறு இ, ஐ மதிப்புகளில். எதிர்விசையே தவறினால் சுமையைத் தப்பாக ஏற்றியிருக்கிறீர்கள். எதிர்விசை சரி, மொமென்ட் தவறு என்றால் சப்போர்ட்டைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகக் கொடுத்தேன். 19.61-க்குப் பதிலாக 20.1 வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. வாய்பாடு வளைவினால் வரும் தொய்வை மட்டும் சொல்கிறது. மென்பொருள் ஷியரினால் (பிரிவுகள் ஒன்றையொன்று உரசிச் சறுக்க முயலும் விளைவு) வரும் தொய்வையும் சேர்க்கிறது. சீரான சுமைக்கு அந்தக் கூடுதல் தொய்வு: சுமை × நீளம்² ÷ (8 × ஜி × ஷியர் பரப்பு). ஐ வடிவப் பிரிவுக்கு ஷியர் பரப்பு என்பது ஆழம் × வெப் (நடுவிலுள்ள செங்குத்துத் தகடு) தடிமன். இங்கே 300 × 7.5 = 2,250 மி.மீ². ஜி மதிப்பு (ஷியருக்கு எதிரான பொருளின் விறைப்பு) 76,923 மெகாபாஸ்கல். விடை 0.52 மி.மீ. ஆக மொத்தம் 20.13.

ஸ்டாட் ப்ரோ ஷியர் தொய்வைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். பாடப்புத்தக விடையே வேண்டுமென்றால் உள்ளீட்டில் செட் ஷியர் என்ற கட்டளையைக் கொடுத்து அதை நீக்கலாம். சோதனைக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள், டிசைனில் வேண்டாம். 6 மீட்டர் பீமில் ஷியரின் பங்கு 2.7 சதவீதம்தான். ஆனால் இதே பிரிவு 1.5 மீட்டர் நீளமாக இருந்தால் வளைவுத் தொய்வோடு இன்னும் 42 சதவீதம் சேரும். குட்டை பீம், ஆழமான பிளேட் கர்டர், டிரான்ஸ்ஃபர் பீம் இவற்றில் ஷியரை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது தவறு.

ஸ்டாட் ப்ரோவில் 19.65 வந்தது. கைக்கணக்கோடு பொருந்திவிட்டது அல்லவா?

இல்லை. இரண்டு வித்தியாசங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்டாட் ப்ரோ தானாகத் தரும் ஸ்டீல் மெட்டீரியலில் இ மதிப்பு 2,05,000 மெகாபாஸ்கல். நம் இரும்புக் கட்டமைப்பு விதிநூலான ஐ.எஸ். 800 சொல்வது 2,00,000. இந்த 2.5 சதவீதம் வளைவுத் தொய்வை 19.61-லிருந்து 19.14-க்குக் குறைக்கிறது. ஷியர் தொய்வு சுமார் 0.51 சேர்ந்து மறுபடி 19.65-க்கு ஏற்றிவிடுகிறது. பார்ப்பவருக்கு ஆகா, சரியாக வந்துவிட்டது என்று தோன்றும். இதே மாடலை 12 மீட்டர் நீளத்துக்கு மாற்றினால் ஷியரின் பங்கு சுருங்கி, 2.5 சதவீதப் பிழை வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

கான்கிரீட்டில் இது இன்னும் பெரிது. தானாக வரும் கான்கிரீட் மெட்டீரியலில் இ மதிப்பு 21,718 மெகாபாஸ்கல். கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 படி 5,000 × √25 போட்டால் எம்25 கான்கிரீட்டுக்கு (வலிமை 25 மெகாபாஸ்கல்) 25,000 வர வேண்டும். எம்30, எம்40 என்று கிரேடை டிசைன் பக்கத்தில் மட்டும் மாற்றினால் பகுப்பாய்வில் இ மாறாது. மெட்டீரியலையே தனியாக உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

பிரிவு அட்டவணையிலிருந்து எடுத்தால் ஐ மதிப்பில் பிழை வராதே?

வரும். ஐ.எஸ்.எம்.பி. 300 என்ற பெயர் ஒன்று, எண்கள் இரண்டு. பழைய எஸ்.பி. 6 கையேட்டில் எடை மீட்டருக்கு 44.2 கிலோ, பிறகு திருத்தப்பட்ட ஐ.எஸ். 808 அட்டவணையில் 46 கிலோவை ஒட்டி, ஐ மதிப்பும் அதற்கேற்பக் கொஞ்சம் கூடுதல். உங்கள் மென்பொருளில் இருப்பது எந்த அட்டவணை என்பதைப் பிரிவின் பண்புகள் சாளரத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதோடு பீம் படுத்துக் கிடக்கவில்லையே என்றும் பாருங்கள். பீட்டா கோணம் (பீம் தன் அச்சைச் சுற்றித் திரும்பிய அளவு) 90 என்று போய்விட்டால் வலுவற்ற அச்சில் வளைந்து, தொய்வு பல மடங்காகும். முப்பரிமாணத் தோற்றத்தை இயக்கினால் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அலகுக் குழப்பத்தை எப்படித் தவிர்ப்பது?

ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் ஆகியவை அலகைக் கேட்டுவாங்கும். அபாகஸ், கால்குலிக்ஸ் கேட்காது. கொடுத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். அங்கே நியூட்டன், மி.மீ. என்று ஆரம்பித்தால் தகைவு (ஸ்ட்ரெஸ்) தானாக மெகாபாஸ்கலில் வரும், நிறை டன்னில் இருக்க வேண்டும். ஸ்டீலின் அடர்த்தியை 7,850 என்று போடக் கூடாது, 7.85 × 10⁻⁹ டன்/மி.மீ³. புவியீர்ப்பு 9.81 அல்ல, 9,810 மி.மீ/வி². விடை ஆயிரத்தின் மடங்குகளில் தவறினால் வேறெங்கும் தேடாதீர்கள், அலகுதான்.

சப்போர்ட்டை இரு முனையிலும் "பின்" என்று கொடுத்தேன். ஷெல் மாடலில் தொய்வு பாதியாகிவிட்டது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

கோட்டு உறுப்பாக வரையும் மாடலில் சப்போர்ட் பீமின் மைய அச்சில் இருக்கிறது. அங்கே இரண்டு முனையையும் பின் செய்தாலும் (முனை திரும்பலாம், நகர முடியாது), நேர்கோட்டுப் (லீனியர்) பகுப்பாய்வில் செங்குத்துச் சுமைக்கு ஒன்றும் மாறாது. ஷெல் (தகடுகளாக வரைவது) அல்லது சாலிட் (முழுக் கனவடிவமாக வரைவது) மாடலில் நீங்கள் பிடிப்பது கீழ் ஃபிளாஞ்சின் (ஐ வடிவின் கிடைத்தகடு) விளிம்பை. அது மைய அச்சிலிருந்து 150 மி.மீ. கீழே இருக்கிறது. பீம் வளையும்போது முனை திரும்புகிறது; முனை திரும்பினால் கீழ் விளிம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும். 0.01046 ரேடியன் × 150 மி.மீ. என்றால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 1.6 மி.மீ. அந்த நகர்வை இரு பக்கமும் தடுத்துவிட்டீர்கள். தடுத்த இடத்தில் ஒரு கிடைவிசை பிறக்கிறது. அது 150 மி.மீ. விலகி இருப்பதால் முனை மொமென்ட்டாகச் செயல்பட்டு பீமை மேல்நோக்கி வளைக்கிறது.

நம் பீமில் கணக்குப் போட்டால் கிடைவிசை 238 கிலோநியூட்டன். மொத்தச் செங்குத்துச் சுமையே 120 கிலோநியூட்டன்தான்! முனை மொமென்ட் 35.7 கிலோநியூட்டன் மீட்டர். முழுதாக இறுக்கிய முனைக்கு வரும் 60-இல் இது அறுபது சதவீதம். தொய்வு 19.6-லிருந்து 10.3 மி.மீ.-க்கு விழுந்துவிடும். நிஜத்தில் எந்தச் சுவரும் 238 கிலோநியூட்டன் கிடைவிசைக்கு இம்மியும் அசையாமல் நிற்காது. ஆகவே இந்த 10.3 வெறும் மாடல் விடை.

செய்ய வேண்டியது: ஒரு முனையில் கீழ் விளிம்பின் செங்குத்து, நீள, பக்கவாட்டு நகர்வுகளைத் தடுங்கள். மறு முனையில் செங்குத்தும் பக்கவாட்டும் மட்டும். நீள வாக்கில் விட்டுவிடுங்கள். ஓட்டியபின் கிடை எதிர்விசையைப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

ஈடாப்ஸில் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும். பீமை ஸ்லாப் மட்டத்தில் வரைந்து, இன்செர்ஷன் பாயிண்ட்டை (வரையும் கோடு பிரிவில் எங்கே அமைகிறது என்பதை) மேல்நடுவாக வைத்து, அந்த விலகலைக் கடினத்தன்மையிலும் சேர்க்கச் சொன்னால், இரு முனையும் பின் செய்த பீம் ஆர்ச் போலச் செயல்பட ஆரம்பிக்கும். ஸ்லாப்பை மெம்பிரேனாக (வளைவை எதிர்க்காத தகடாக) வைத்திருக்கும் சாதாரண மாடலில் அந்த விலகலைக் கணக்கில் சேர்க்காத தெரிவையே வையுங்கள். பீமில் அச்சுவிசை வருகிறதா என்று பார்ப்பது விரைவான சோதனை.

நிஜத்தில் முனை பின்னா, ஃபிக்ஸா?

இரண்டுக்கும் நடுவில். ஆனால் வித்தியாசம் சிறியதல்ல: இரு முனையும் முழுதாக இறுக்கப்பட்டிருந்தால் தொய்வு 3.92 மி.மீ.; பின் என்றால் 19.61. சரியாக ஐந்து மடங்கு. மெஷ்ஷை (மாடலைச் சிறு உறுப்புகளாகப் பிரிக்கும் வலை) எவ்வளவு நுணுக்கினாலும் இந்த ஐந்து மடங்கை அது சரிசெய்யாது.

வெப்பில் மட்டும் ஆங்கிள் கிளீட் வைத்து போல்ட் போட்ட இணைப்பைப் பின் என்றே எடுங்கள். இரு ஃபிளாஞ்சும் கட்டப்பட்ட எண்ட் பிளேட் இணைப்பை ஃபிக்ஸ் என்று எடுக்கலாம். அப்போதும் ஃபிக்ஸ் ஆவது தூணோடுதான், பூமியோடு அல்ல. தூணையும் மாடலில் சேர்த்தால்தான் உண்மையான திருப்பம் தெரியும். கான்கிரீட்டில் தூணோடு சேர்த்து வார்த்த பீமைச் சட்டகமாகவே மாடல் செய்யுங்கள். செங்கல் சுவர்மேல் உட்கார்ந்த பீம் என்றால் பின்தான். முடிவெடுக்க முடியவில்லையா? இரண்டையும் ஓட்டி, தொய்வுக்குப் பின் விடையையும், இணைப்பு மொமென்ட்டுக்கு ஃபிக்ஸ் விடையையும் எடுங்கள்.

பீமை எத்தனை துண்டாகப் பிரிக்க வேண்டும்?

இது எந்த உறுப்பு என்பதைப் பொறுத்தது. ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ் வகை மென்பொருளில் ஒரே துண்டு போதும். நோடுகளுக்கு (உறுப்புகளின் முனைப் புள்ளிகள்) இடையே உள்ள தொய்வை அவை தனியாகக் கணக்கிட்டுக் காட்டும். நோடுகளின் இடப்பெயர்ச்சி அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு தொய்வு பூஜ்யம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரே துண்டாக இருக்கும் பீமில் நோடு என்பது சப்போர்ட் மட்டும்தானே, அங்கே பூஜ்யம்தான் வரும். நடு இடத்து மதிப்புக்கு செக்‌ஷன் டிஸ்பிளேஸ்மென்ட் அட்டவணையைப் பாருங்கள்.

பொதுவான எஃப்.ஈ.ஏ. (வரையறு உறுப்புப் பகுப்பாய்வு) மென்பொருளில் கவனம் வேண்டும். மூன்றாம் படி வடிவச் சார்பு (உறுப்புக்குள் இடப்பெயர்ச்சியை இடைக்கணிக்கும் சமன்பாடு) கொண்ட பீம் உறுப்பு நோடுகளில் துல்லியமான விடை தரும். ஆனால் சீரான சுமை உள்ள ஒரே துண்டின் நடுவை அது முனைத் திருப்பங்களிலிருந்து இடைக்கணிப்பு செய்தால் 15.69 மி.மீ. என்றே காட்டும், அதாவது எண்பது சதவீதம். இரண்டு துண்டாக்கினால் நடுவில் நோடு வந்து 19.61 கிடைக்கும்.

நேர்கோட்டு வடிவச் சார்பு கொண்ட இருநோடு உறுப்பு இன்னும் மோசம். முனையில் புள்ளிச் சுமை உள்ள கேன்டிலீவரை (ஒரு முனை மட்டும் இறுகப் பிடிக்கப்பட்ட பீம்) ஒரே துண்டாக வைத்தால் உண்மை வளைவுத் தொய்வில் 75 சதவீதம்தான் தரும். நான்கு துண்டாக்கினால் 98.4. அன்சிஸ் கட்டளை முறையில் பீம்188 உறுப்பின் முன்னிருப்பு இந்த நேர்கோட்டு வகைதான். மூன்றாவது கீஆப்ட் மதிப்பை 2 அல்லது 3 ஆக்கினால் இருபடி, முப்படி வகை கிடைக்கும். எப்படியானாலும் ஒரு பீமுக்கு எட்டுத் துண்டு என்று பழக்கப்படுத்திக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

சாலிட் மெஷ் போட்டால்தானே துல்லியம் கூடும்?

பீம் தொய்வுக்கு அப்படி ஒரு விதி இல்லை. தவறான சாலிட் மெஷ் கோட்டு உறுப்பைவிட மோசமான விடை தரும். எட்டு நோடு கொண்ட நேர்கோட்டுச் செங்கல் வடிவ உறுப்பு, அபாகஸ், கால்குலிக்ஸ் மொழியில் சி3டி8, வளைவை ஷியராக நினைத்துக்கொண்டு விறைத்துவிடும். ஆழத்துக்கு ஒரே அடுக்கு, நீளம் அதிகம் என்றால் உண்மைத் தொய்வில் பாதிகூட வராது. நான்கு நோடு டெட்ராஹெட்ரன், சி3டி4, இதே ரகம். சி3டி8ஆர் எதிர்த்திசையில் தவறும்: ஆழத்துக்கு ஒரே அடுக்கு போட்டால் வளைவை எதிர்க்கும் திறனே இருக்காது, பீம் கண்டபடி தொய்யும். குறைந்தது நான்கு அடுக்கு தேவை.

சாலிட் அவசியம் என்றால் இருபடி உறுப்புகளுக்குப் போங்கள்: சி3டி20ஆர், அல்லது தானியங்கி மெஷ் என்றால் சி3டி10. ஐ பிரிவுக்கு சாலிட் பொருத்தமே இல்லை. 7.5 மி.மீ. வெப்புக்குள் அடுக்குகளைத் திணித்து 6 மீட்டர் நீளம் இழுத்தால் உறுப்புகளின் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டும். ஷெல் போதும். வெப்பில் ஓட்டை, ஸ்டிஃப்னர், தேய்ந்துபோன ஃபிளாஞ்ச் போன்றவை இல்லாவிட்டால் ஷெல்லும் வேண்டாம், கோட்டு உறுப்பே போதும்.

காசில்லாமல் பழக ஃப்ரீகேட் உதவுமா? படிகள் என்ன?

தாராளமாக. அதனுள் கால்குலிக்ஸ் கணக்குப் போடுகிறது.

பார்ட் பணிமேசையில் 8,000 × 1,000 × 1,000 மி.மீ. பெட்டி ஒன்றை உருவாக்குங்கள். எஃப்.ஈ.எம். பணிமேசைக்கு மாறி அனாலிசிஸ் தொகுப்பைத் தொடங்குங்கள். மெட்டீரியலாக ஸ்டீல், இ மதிப்பு 2,10,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3 என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனை முகத்தைத் தேர்ந்தெடுத்து ஃபிக்ஸட் கட்டுப்பாடு. எதிர் முகத்தில் 90,00,000 நியூட்டன் விசை, திசைக்குச் செங்குத்து விளிம்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அம்புக்குறி மேல்நோக்கி இருந்தால் திசையைத் திருப்புங்கள். ஜிமெஷ் மூலம் இருபடி மெஷ். பிறகு கால்குலிக்ஸ் தீர்ப்பானைச் சேர்த்து, உள்ளீட்டுக் கோப்பை எழுதச் சொல்லி, ஓட்டுங்கள்.

புள்ளிச் சுமை கேன்டிலீவர் வாய்பாடு, சுமை × நீளம்³ ÷ (3 × இ × ஐ), 87.8 மி.மீ. தரும். ஷியர் 1.1 மி.மீ. சேர்க்கும். மென்பொருள் விடை 88–89-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இப்போது வேறெதையும் தொடாமல் மெஷ்ஷை மட்டும் ஒருபடி வகைக்கு மாற்றி, கொஞ்சம் பெரிய உறுப்பாக வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். முந்தைய பதிலில் சொன்ன விறைப்பை நேரில் காணலாம்.

மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஒரு புள்ளியில் தகைவு ஏறிக்கொண்டே போகிறது.

ஒற்றை நோடில் சுமை ஏற்றியிருப்பீர்கள், அல்லது ஒற்றை நோடில் பிடித்திருப்பீர்கள். பூஜ்யப் பரப்பில் விசை என்றால் தகைவுக்கு முடிவே கிடையாது. அந்தச் சிவப்புப் புள்ளியை மறந்துவிட்டு, சுமையை உண்மையான தாங்கு பரப்பில் பரப்புங்கள். நடுத்தொய்வு இதனால் அதிகம் பாதிக்கப்படாது. தொய்வை மட்டும் படிப்பதானால் சுமைப் புள்ளிக்கு நேர் எதிரே, கீழ் ஃபிளாஞ்சில் படியுங்கள்.

எவ்வளவு தொய்வு வரை ஏற்கலாம்?

இரும்புக்கு ஐ.எஸ். 800:2007-இன் 6-ஆம் அட்டவணை. சாதாரணக் கட்டடத் தளங்களில் நகரும் சுமைக்கு (ஆட்கள், பொருட்கள் போன்றவை): விரிசல் பயம் இல்லாத பூச்சு என்றால் நீளம்/300, விரிசல் விடக்கூடியது என்றால் நீளம்/360. கேன்டிலீவருக்கு நீளம்/150, நீளம்/180. கிரேன் கர்டருக்குக் கைக்கிரேன் என்றால் 500, 50 டன் வரையான மின் கிரேன் என்றால் 750, அதற்கு மேல் 1,000.

நம் பீமில் 20 கிலோநியூட்டன் முழுவதும் நகரும் சுமை என்று வைத்துக்கொள்வோம். 6,000/300 = 20 மி.மீ.; வாய்பாட்டின் 19.61 தேறுகிறது, ஷியரோடு 20.13 மயிரிழையில் தவறுகிறது. டைல்ஸ் ஒட்டிய தளம் என்றால் எல்லை 16.7, சந்தேகமே இல்லாமல் தவறுகிறது. இப்படி விளிம்பில் நிற்கும் பீமுக்கு தசமப் புள்ளியில் வாதாடுவதைவிட அடுத்த பிரிவுக்குப் போவது மலிவு.

தொய்வுக்கு சர்வீஸ் சுமை (பயன்பாட்டில் உண்மையாக வரும் சுமை) மட்டுமே, பெருக்கல் எண் 1.0. 1.5 பெருக்கிய காம்பினேஷனில் தொய்வைப் படித்துவிட்டு பீமைப் பெரிதாக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. இரும்பு வீண், அவ்வளவுதான்.

ஸ்டாட் ப்ரோ தொய்வுச் சோதனையில் பாஸ் என்கிறது, ஆனால் படத்தில் அதிகம் தொய்கிறது.

குறுக்கு பீம் வந்து சேரும் இடத்தில் உங்கள் பீம் இரண்டு மெம்பராக வெட்டப்பட்டிருக்கும். மென்பொருள் ஒவ்வொரு 3 மீட்டர் துண்டையும் தனி பீமாக நினைத்து, அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறது. நம் பீமை நடுவில் வெட்டினால் அந்த விலகல் சுமார் 4.2 மி.மீ. நீளம் 3,000 என்பதால் விகிதம் 1/700-ஐ ஒட்டி வரும். 360 என்ன, 600 கேட்டாலும் பாஸ். உண்மையில் 6 மீட்டருக்கு 19.6, அதாவது 1/306.

டி.எஃப்.எஃப். என்ற அளவுருவில் 300 அல்லது 360 கொடுப்பதோடு, டி.ஜே.1, டி.ஜே.2 இரண்டிலும் முழு பீமின் இரு முனை நோடு எண்களைக் கொடுங்கள். எல்லாத் துண்டுகளுக்கும் அதே இரண்டு எண்கள். ஒரு துண்டை விட்டுவிட்டால் அந்தத் துண்டு மட்டும் பழையபடி பொய்யாகத் தேறிவிடும்.

கான்கிரீட் பீமில் 3 மி.மீ. தொய்வு வருகிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். மென்பொருள் விரிசல் விடாத, வயதாகாத கான்கிரீட்டைக் கணக்கிட்டிருக்கிறது.

230 × 450 பீம், 5 மீட்டர், சிம்ப்ளி சப்போர்ட்டட், எம்25, கீழே மூன்று 16 மி.மீ. கம்பி, பயனாழம் (மேல் விளிம்பிலிருந்து கம்பியின் மையம் வரை) 410. தன் எடை உட்பட சர்வீஸ் சுமை மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். அதில் 12 நிலையானது. முழுப் பிரிவின் ஐ மதிப்பை வைத்தால் தொய்வு 3.36 மி.மீ. இதைத்தான் நேர்கோட்டுப் பகுப்பாய்வு காட்டும்.

இனி ஐ.எஸ். 456 பின்னிணைப்பு சி. விரிசல் மொமென்ட் 27.2 கிலோநியூட்டன் மீட்டர். நடுவில் இருப்பது 56.25. ஆகவே பிரிவு விரிசல் விட்டுவிட்டது. விரிசல் விட்ட பிரிவின் ஐ 536 × 10⁶ மி.மீ⁴, பயனுறு ஐ 609 × 10⁶. முழுப் பிரிவின் ஐ 1,747 × 10⁶ என்பதை நினைவில் வையுங்கள். உடனடித் தொய்வு 9.6 மி.மீ. ஆகிறது. 28 நாளில் சுமை ஏறினால் க்ரீப் (நிலையான சுமையில் காலப்போக்கில் கூடும் உருமாற்றம்) கெழு 1.6; நிலையான சுமைக்கு அது 2.4 மி.மீ. சேர்க்கிறது. சுருக்கம் இன்னும் 1.2. மொத்தம் 13.2 மி.மீ., திரையில் பார்த்ததைப்போல் நான்கு மடங்கு.

எல்லை: மொத்தத் தொய்வுக்கு நீளம்/250, இங்கே 20 மி.மீ. தடுப்புச் சுவரும் பூச்சும் முடிந்தபின் வரும் தொய்வுக்கு நீளம்/350 அல்லது 20 மி.மீ., எது குறைவோ அது, இங்கே 14.3. ஆக இந்த பீம் தேறிவிடுகிறது. ஆனால் திரையில் 7 மி.மீ. காட்டிய இன்னொரு பீம் தேறியிருக்காது.

ஈடாப்ஸில் ஐ மதிப்புக்குப் பெருக்கல் எண் 0.35 என்று போட்டால் விரிசல் கணக்கில் வந்துவிடுமா?

பீமுக்கு 0.35, தூணுக்கு 0.70 என்பது ஐ.எஸ். 1893:2016 நிலநடுக்கப் பகுப்பாய்வுக்காகச் சொன்னது. மேலே பார்த்த பீமில் 3.36 ÷ 0.35 = 9.6 என்று உடனடித் தொய்வோடு அப்படியே ஒத்துப்போவது தற்செயல். கம்பி கூடக் குறைய இருந்தால் ஒத்துப்போகாது. குறைவாகச் சுமை ஏறிய பீம் விரிசலே விட்டிருக்காது, அங்கே 0.35 மிகையாகக் காட்டும். க்ரீப்பும் சுருக்கமும் இதில் இல்லவே இல்லை. தொய்வுக்குத் தனி மாடல் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாப் என்றால் சேஃப் மென்பொருளில் நீண்டகால விரிசல் தொய்வுக்கான சுமை நிலையைப் பயன்படுத்தலாம்.

திரையில் பீம் வில்லாக வளைந்து தெரிகிறது. உடைந்துவிடுமா?

படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. உருப்பெருக்கத்தை 1 ஆக்கிப் பாருங்கள், நேர்கோடாகத் தெரியும். எண்ணைப் படியுங்கள், படத்தை அல்ல.

நான்லீனியர் (பெரிய இடப்பெயர்ச்சியைக் கணக்கில் கொள்ளும்) பகுப்பாய்வு தேவையா?

கட்டட பீமுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. முனைத் திருப்பம் 0.01 ரேடியன் அளவில் இருக்கும்போது சிறு இடப்பெயர்ச்சிக் கோட்பாடே போதும். மெல்லிய தகடு தன் தடிமனில் பாதிக்கு மேல் தொய்ந்தால், அல்லது இரு முனையும் நீளவாக்கில் பிடிக்கப்பட்ட மெல்லிய உறுப்பு நன்றாகத் தொய்ந்தால் பெரிய இடப்பெயர்ச்சித் தெரிவை இயக்குங்கள்.

தொய்வு சரியாக இருக்கிறது என்பதால் பீம் பாதுகாப்பு என்று எண்ணிவிடவும் கூடாது. மேல் ஃபிளாஞ்சைப் பக்கவாட்டில் யாரும் பிடிக்காத 6 மீட்டர் ஐ.எஸ்.எம்.பி. 300, தொய்வு எல்லையைத் தொடும் முன்பே பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு சாயலாம். நேர்கோட்டுத் தொய்வுப் பகுப்பாய்வு அதைப் பற்றி மூச்சே விடாது, ஐ.எஸ். 800 டிசைன் சோதனையோ பக்ளிங் (நெளிந்து சாய்வது) பகுப்பாய்வோ தனியாகச் செய்ய வேண்டும்.

தளத்தில் அளந்தால் மென்பொருள் சொன்னதைவிடக் குறைவாக வருகிறது. மாடல் தப்பா?

அநேகமாக இல்லை. ஸ்லாப் பீமோடு சேர்ந்து டி பிரிவாக வேலை செய்கிறது, முனை கொஞ்சம் இறுகியிருக்கிறது, கான்கிரீட் எம்25-ஐ விட வலுவாக வந்திருக்கிறது, ஏற்றிய சுமையும் டிசைன் சுமை அல்ல. அளக்கும்போது நடுவில் மட்டும் டயல் கேஜ் வைக்காதீர்கள். இரு சப்போர்ட்டிலும் வைத்து, அவை இறங்கியதன் சராசரியை நடு அளவிலிருந்து கழியுங்கள். ரப்பர் பேடோ தளர்ந்த மண்ணோ அடியில் இருந்தால் அந்த இறக்கமே பல மி.மீ. வரும்.

முறையான சுமைச் சோதனை என்றால் ஐ.எஸ். 456 சொல்வது: முழு நிலைச்சுமையோடு நகரும் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி, பிறகு நகரும் சுமையை இறக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஏற்பட்ட அதிகபட்சத் தொய்வு 40 × நீளம்² ÷ ஆழம் என்ற எண்ணைவிடக் குறைவானால், நீளம் மீட்டரிலும் ஆழம் மி.மீ.-யிலும், மீட்சியை அளக்கவே தேவையில்லை. மேலே பார்த்த 5 மீட்டர் பீமுக்கு அது 2.2 மி.மீ. அதைத் தாண்டினால், சுமை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் 75 சதவீதமாவது மீள வேண்டும். மீளவில்லையென்றால் 72 மணி நேரம் கழித்து மறு சோதனை. அதில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த பீம் ஏற்கப்படாது.